மரணத்துக்கு அவனா, அவரா?

போன ஐப்பசியில், நண்பர் நடத்தும் சிற்றிதழுக்காக ஓர் ஆங்கிலக் கவிதையை மொழிபெயர்த்துத் தர ஒப்புக்கொண்டேன். இருபத்து நான்கே வரி. வழக்கமாக என்னிடம் வருவது தொண்டு நிறுவன அறிக்கை, மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கும் காகிதம், மிக்சி கையேடு. பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு. அதற்கு நடுவே இருபத்து நான்கு வரி என்ன பெரிய விஷயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆயிற்று. அதில் இரண்டு வாரம் ஒரே ஒரு சொல்லுக்குப் போனது. அந்தச் சொல் 'ஹி'. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் அர்த்தம் தெரிந்த சொல்.

கவிதை எமிலி டிக்கின்சன் எழுதியது. அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் என்ற சிற்றூரில் வீட்டை விட்டு அதிகம் வெளியே வராமல் வாழ்ந்து 1886-ல் இறந்துபோனவர். 1863 வாக்கில் எழுதிய இந்தக் கவிதை அச்சேறியது 1890-ல். விஷயம் இவ்வளவுதான்: மரணத்துக்காக நின்று காத்திருக்க அந்தப் பெண்ணுக்கு நேரமில்லை. ஆகவே மரணமே குதிரை வண்டியில் வந்து அவளுக்காக நிறுத்துகிறது. 'நிறுத்துகிறது' என்று எழுதிவிட்டேன் பாருங்கள், சிக்கலே இங்கேதான். ஆங்கிலத்தில் அங்கே மரணம் 'இட்' இல்லை, 'ஹி'. அன்போடு நிறுத்துகிறான். அவசரமே இல்லாமல் ஓட்டுகிறான். அவனுடைய நயத்தகு நடத்தைக்காகவே அவள் கையிலிருந்த வேலையையும் ஓய்வையும் ஒதுக்கிவிட்டு ஏறி உட்காருகிறாள். சாயங்காலம் காற்றாட அழைத்துப்போக வந்த கனவான் மாதிரி இருக்கிறான். பள்ளிக்கூடம், கதிர் முற்றிய வயல், மறையும் சூரியன் என்று ஒவ்வொன்றாகக் கடந்து போகிறார்கள். கடைசியில் வண்டி நிற்கும் வீடு எதுவென்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

தமிழில் எழுதிப் பார்த்தேன். 'மரணம் வண்டியை நிறுத்தியது.' தினசரியின் ஆறாம் பக்கத்தில் வரும் விபத்துச் செய்தி போல இருந்தது. 'எமன் வண்டியை நிறுத்தினான்.' உடனே எருமை வந்து நின்றுவிட்டது, கையில் பாசக்கயிறு வேறு. எருமையில் வருகிறவனைக் குதிரை வண்டியில் ஏற்றினாலும் மீசையை என்ன செய்வது? 'காலன்' என்றால் திருக்கடையூரில் உதை வாங்கியவன் ஞாபகம் வரும். 'கூற்றுவன்' கம்பீரமான சொல்தான், ஆனால் அவன் வந்தால் யுத்தகளத்துக்கு வருவான், பெண்களைக் காற்றாட அழைத்துப்போக வரமாட்டான். சரி, 'மரணம் வண்டியை நிறுத்தினான்'? படித்துப் பார்த்தால் கல்லைக் கடித்தது போல இருக்கிறது. மிச்சமிருந்தது 'மரணம் வண்டியை நிறுத்தினார்.' அதை எழுதிவிட்டு எனக்கே சிரிப்பு வந்து அடித்தேன். வட்டாட்சியர் ஜீப்பை நிறுத்தினார் என்பது போல இருந்தது.

ஆங்கிலத்தில் உயிரில்லாத பொருளுக்கு உயிர் கொடுக்கும் வித்தையை எனக்கு முதலில் காட்டியது ரென் அண்டு மார்ட்டின் இலக்கணப் புத்தகம். 1930-களில் இந்தியப் பள்ளிகளுக்காக எழுதப்பட்டு, என் காலத்திலும் அதே சிவப்பு அட்டையோடு கைமாறிக்கொண்டிருந்தது. எனக்கு வந்தது மூன்றாம் கை. பால் பற்றிய பாடத்தில் ஒரு பட்டியல் உண்டு. வலிமையும் முரட்டுத்தனமும் உள்ளவற்றை ஆணாகச் சொல்ல வேண்டும்: சூரியன், கோடை, குளிர்காலம், காலம், மரணம். அழகும் மென்மையும் நளினமும் உள்ளவற்றைப் பெண்ணாகச் சொல்ல வேண்டும்: நிலா, பூமி, வசந்தம், இயற்கை, சுதந்திரம், நீதி, கருணை, அமைதி, நம்பிக்கை. கப்பலுக்கும் பெண் பால்தான். நாங்கள் அதை வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்தோம்.

எங்கள் ஊர் சிவன் கோயிலில் சனிக்கிழமைதோறும் அம்மாவோடு நவக்கிரகம் சுற்றுகிறவள் நான். அதனால் எழுந்து கேட்டேன்: "சார், சந்திரன் ஆம்பளதானே? இருபத்தேழு பொண்டாட்டி இருக்கே?"

வகுப்பு சிரித்து ஓய்ந்த பிறகு சார் சொன்னார்: "அது கோயில்ல. இது பரீட்சையில. உக்காரு."

நல்ல பதில் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று பல வருஷம் கழித்துத் தேடினேன். 1795-ல் லிண்ட்லி மர்ரே என்பவர் எழுதிய இலக்கணத்தில் ஏறக்குறைய அதே விதி இருக்கிறது. அமெரிக்க வழக்கறிஞர், இங்கிலாந்தின் யார்க் நகருக்குக் குடிபெயர்ந்தவர். கொடுப்பவையும் வலியவையும் ஆண், ஏந்திக்கொள்பவையும் ஈன்று தருபவையும் அழகியவையும் பெண் என்கிறார். அவரும் சொந்தமாகச் சொல்லவில்லை. 1751-ல் ஜேம்ஸ் ஹாரிஸ் எழுதிய மொழித் தத்துவ நூலிலிருந்து எடுத்தது. ஒரு கனவானின் வரவேற்பறையில் பிறந்த அபிப்பிராயம் இலக்கணமாகி, கப்பலேறி, எங்கள் ஊர் மர பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறது. கொடுப்பது ஆணாம், ஏந்திக்கொள்வது பெண்ணாம். அந்த வரவேற்பறையில் யாரெல்லாம் உட்கார்ந்து தலையாட்டியிருப்பார்கள் என்று ஊகிப்பதில் கஷ்டமில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயர்களின் சொந்த மூதாதையருக்கு இது தலைகீழ். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு. அதில் சூரியன் பெண். சந்திரன் ஆண். கல்லும் ஆண். பெண்ணைக் குறிக்கும் 'வீஃப்' என்ற சொல், அதாவது இன்றைய 'ஒய்ஃப்' என்பதன் பாட்டி, ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, மூன்றாவது பால். என் சந்திரன் கேள்விக்கு அந்தக் காலத்து இங்கிலாந்தில் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும்.

அப்புறம் அந்தப் பால் எல்லாம் உதிர்ந்து போயிற்று. வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்களின் மொழியோடு கலந்தது, சொல்லின் கடைசி அசைகள் தேய்ந்தது என்று காரணங்கள் சொல்கிறார்கள். பதினான்காம் நூற்றாண்டு வாக்கில் பெரும்பாலும் முடிந்துவிட்டது. மிஞ்சியது நமக்குத் தெரிந்த எளிய கணக்கு: ஆண் என்றால் 'ஹி', பெண் என்றால் 'ஷி', மற்றதெல்லாம் 'இட்'. பிறகு லத்தீன் படித்த கவிஞர்கள் வந்து சூரியனுக்கு வேட்டியும் நிலாவுக்குச் சேலையும் கட்டிவிட்டார்கள், லத்தீனில் சூரியன் ஆண், நிலா பெண் என்பதால்.

அந்த உதிர்வுதான் ஆங்கிலத்துக்குக் கிடைத்த வரம் என்று மொழிபெயர்ப்பாளராக எனக்குத் தோன்றுகிறது. ஜெர்மன் மொழியில் மரணம் எப்போதுமே ஆண்பால் சொல். மேஜையும் ஆண்பால்தான். அங்கே மரணத்தை 'அவன்' என்றால் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. ரஷ்ய மொழியில் மரணம் பெண். ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியலாளர் 1959-ல் எழுதிய ஒரு கட்டுரையில் சொல்கிறார்: ஜெர்மன் கதைகளின் மொழிபெயர்ப்பைப் படித்த ரஷ்யக் குழந்தை ஒன்று, மரணத்தைக் கிழவனாக வரைந்திருப்பதைப் பார்த்துத் திகைத்துப் போனதாம். மரணம் பெண்ணாயிற்றே, எப்படிக் கிழவனானாள்? ரேப்பின் என்ற ரஷ்ய ஓவியருக்கு இதன் மறுபக்கம் புரியவில்லை. ஜெர்மன்காரர்கள் பாவத்தை ஏன் பெண்ணாக வரைகிறார்கள் என்று கேட்டாராம். ரஷ்ய மொழியில் பாவம் ஆண்.

ஆங்கிலத்திலோ கதவு, கடல், கண்ணீர், மரணம் எல்லாம் நாள் முழுக்க 'இட்'. அந்த வரிசையிலிருந்து ஒன்றைப் பிடித்து 'ஹி' என்று சொன்ன மாத்திரத்தில் அதற்கு முகம் வந்துவிடுகிறது. தொப்பி கூட வந்துவிடும். ஒரே ஓர் அசை, வினைச்சொல்லில் எந்த மாற்றமும் வேண்டாம். கூடவே இன்னொரு வசதி, பெரிய எழுத்து. நம்பிக்கை, பயம், பொறாமை என்று எதையும் பெரிய எழுத்தில் தொடங்கினால் போதும், அது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடும். டிக்கின்சனின் வண்டியில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார், பெயர் இறவாமை. அவருக்கு 'ஹி'யும் கிடையாது, 'ஷி'யும் கிடையாது, கவிதை முழுக்க ஒரு வார்த்தை பேசுவதில்லை. பெரிய எழுத்தும் வண்டியில் ஓர் இடமும் கொடுத்ததோடு சரி. கல்யாணமாகாத பெண்ணை ஆணோடு தனியே அனுப்பக் கூடாது என்று துணைக்கு அனுப்பிய அத்தை போல ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறார். நம் எழுத்தில் பெரியதும் இல்லை சிறியதும் இல்லை. அத்தையை ஏற்றவே எனக்கு ஒரு நாள் ஆனது.

யோசித்துப் பார்த்தால் இந்த விஷயத்தில் தமிழ், ஜெர்மனை விட ஆங்கிலத்துக்குத்தான் பக்கம். நம்மிடமும் மேஜைக்கு ஆண் பெண் கிடையாது. மக்கள் என்றால் உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை என்று தொல்காப்பியம் கோடு கிழித்துவிட்டது. நன்னூல் தேவரையும் நரகரையும் கோட்டுக்கு மேலே ஏற்றிக்கொண்டது. அந்தக் கோட்டைத் தாண்டவும் இலக்கணமே அனுமதி தருகிறது. கேட்பது போலவும் பேசுவது போலவும் நடப்பது போலவும் செய்வது போலவும் அஃறிணையைச் சொல்லலாம் என்று நன்னூலில் சூத்திரம் இருக்கிறது. ஆக, தாண்டுவது குற்றமில்லை. ஆனால் தாண்டும்போது நாம் கூடுதலாக ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஆங்கிலத்தில் 'ஹி' என்றால் ஆண், அவ்வளவுதான். தமிழில் ஆளாக்கிய கையோடு அந்த ஆளுக்கு என்ன மரியாதை என்றும் சொல்லியாக வேண்டும். அவனா, அவரா? வினைச்சொல்லின் வால் வரைக்கும் அந்த மரியாதை ஓடும். மரணத்துக்கு என் வீட்டில் நாற்காலியா, திண்ணையா என்று முடிவு செய்யாமல் முதல் வரியைக்கூட முடிக்க முடியாது.

அந்த மரியாதைக் கணக்காவது நேராக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. பிச்சை கேட்டு வருகிறவரை அவர் என்கிறோம், தில்லையில் ஆடுகிறவனை அவன் என்கிறோம். தொட்டிலில் கிடக்கும் குழந்தையை அது என்கிறோம். ஆங்கிலத்திலும் முகம் தெரியாத குழந்தை 'இட்'தான். என் பெரியம்மா ஐம்பது வருஷமாகப் பெரியப்பாவை அது என்றுதான் சொல்கிறாள். "அது இன்னும் சாப்பிடல." அந்த அதுவில் இருக்கிற ஒட்டுதலை எந்த உயர்திணையில் கொண்டு வர முடியும்?

கப்பல் விவகாரத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கேட்பீர்கள். ஹெர்குலிஸ் என்றும் ஹென்றி என்றும் பெயர் வைத்த கப்பலைக்கூட 'ஷி' என்றுதான் சொல்வார்கள் என்று பதினேழாம் நூற்றாண்டிலேயே பென் ஜான்சன் தன் இலக்கணத்தில் எழுதியிருக்கிறார். லண்டனில் 1734 முதல் வந்துகொண்டிருக்கும் 'லாயிட்ஸ் லிஸ்ட்' என்ற கப்பல் பத்திரிகை 2002-ல் போதும் என்று முடிவெடுத்து 'இட்' ஆக்கிக்கொண்டது. பிரிட்டிஷ் கடற்படை மாறவில்லை. புயலுக்கு வருவோம். அமெரிக்காவில் 1953-லிருந்து சூறாவளிக்கெல்லாம் பெண் பெயர். ராக்ஸி போல்டன் என்ற ஃபுளோரிடா பெண்மணி, ஏன், செனட்டர்களின் பெயரை வைப்பதுதானே என்று கேட்டுப் போராடினார். 1979-ல்தான் அட்லாண்டிக் பட்டியலில் ஆண் பெயர்களும் சேர்ந்தன. நம் பக்கத்துக் கடலில் பெயர் கொடுப்பது சுற்றியுள்ள நாடுகள். பால் சார்பில்லாத பெயராக இருக்க வேண்டும் என்பது 2020 பட்டியலுக்கான நிபந்தனைகளில் ஒன்று. 2018-ல் இலங்கை கொடுத்த பெயர் கஜா, அதாவது யானை. யானை வந்து தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. ஆனால் பாருங்கள், எந்தத் தமிழ்ப் பத்திரிகையும் கஜா கரையைக் கடந்தாள் என்றோ கடந்தான் என்றோ எழுதவில்லை. கடந்தது. பெயர் வைத்தாலும் திணையை விட்டுக் கொடுக்கவில்லை.

கவிதையும் கப்பலும் கண்ணுக்குத் தெரிகிற வேஷம். எனக்குச் சோறு போடும் ஆங்கிலத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத வேஷம். அறிக்கை வாதிடுகிறது. குழு உணர்கிறது. கொள்கை முயல்கிறது. 2008 ஒரு நெருக்கடியைக் கண்டது. ஆண்டுக்கு எங்கே கண் என்று ஆங்கிலேயர் யாரும் கேட்பதில்லை. நான்கு பேர் படுக்கக்கூடிய கூடாரத்தை, 'இந்தக் கூடாரம் நால்வரைத் தூங்குகிறது' என்கிற மாதிரி ஒரு வாக்கியமாகச் சொல்வார்கள். முதல் முறை அதைப் பார்த்தபோது அச்சுப்பிழை என்று நினைத்து வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதில் வந்த பிறகு ஒரு வாரம் வெட்கப்பட்டேன். யார் செய்தார் என்று சொல்லாமல் ஒரு பெயர்ச்சொல்லை எழுவாயாக உட்காரவைத்து அதன் கையில் ஒரு வினையைக் கொடுத்துவிடுவது அந்த மொழிக்குச் சர்வ சாதாரணம். அப்படியே தமிழாக்கினால் வருவதுதான் 'இந்த ஆண்டு கடும் வறட்சியைக் கண்டது' என்ற வகைத் தமிழ். இப்போது அது எங்கும் இருக்கிறது. நானும் அந்தப் பாவத்தில் பங்காளி.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் பெண் கல்வி பற்றிய ஓர் அறிக்கையைத் தமிழாக்கிக் கொடுத்தேன். அதில் ஒரு வரி: 'வறுமை சிறுமிகளைப் பள்ளியிலிருந்து வெளியேற்றுகிறது.' ஆங்கிலத்தில் படிக்கும்போது உருக்கமாகத்தான் இருந்தது. அறிக்கையைச் சுய உதவிக் குழுப் பெண்களிடம் வாசித்துக் காட்டி அபிப்பிராயம் கேட்கும் கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். அந்த வரி வந்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா கேட்டார்: "யாருக்கா அந்த வறுமை? எம் பொண்ண நிப்பாட்டுனது எங்க மாமனாரு."

கூட்டம் சிரித்தது. நான் பேனாவை மூடிக்கொண்டேன். 1980-ல் ஜார்ஜ் லேக்காஃப், மார்க் ஜான்சன் என்ற இரண்டு பேர் இதைப் பற்றியே ஒரு நூலில் எழுதியிருக்கிறார்கள். பணவீக்கம் நம்மைத் தாக்குகிறது, சேமிப்பைத் திருடுகிறது என்று அதை எதிரியாக்கிப் பேசிப் பழகிவிட்டால், அதன்மீது போர் தொடுப்பதும் அதற்காக மக்களிடம் தியாகம் கேட்பதும் நியாயமாகவே தோன்றிவிடும் என்கிறார்கள். பின்வரிசை அம்மா அந்த நூலைப் படிக்கவில்லை, படிக்கத் தேவையும் இருக்கவில்லை. வறுமைக்கு உடல் கொடுத்தால் மாமனாருக்கு ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடுகிறது. சந்தை பதற்றமாக இருக்கிறது என்ற வாக்கியத்துக்குப் பின்னாலும் நான்கைந்து மாமனார்கள் நிற்கிறார்கள் என்பது என் சந்தேகம். அன்றிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்தால், மூலத்தில் இல்லாவிட்டாலும், ஆளைத் தேடிப் பார்க்கிறேன். கிடைக்காவிட்டால் 'வறுமையால் நின்றுபோகிறார்கள்' என்று 'ஆல்' போட்டுத் தப்பிக்கிறேன். அந்த 'ஆல்' ஒரு நல்ல உருபு. காரணத்தைச் சொல்லும், அதற்குக் கை கால் வைக்காது.

தமிழுக்கு இந்த நோய் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆங்கிலேயர் தாமே கோபமாக இருப்பார்கள், நமக்குக் கோபம் வரும். தூக்கம் வரும், வெட்கம் வரும், சந்தேகம் வரும், அழுகை முட்டிக்கொண்டு வரும். இத்தனை பேர் வந்து போகிற சத்திரமாகவே தமிழன் உடம்பு இருக்கிறது. விதி விளையாடும், வெயில் மண்டையைப் பிளக்கும், வண்டி நடுரோட்டில் காலை வாரும். ஃபோனுக்கு உயிர் இருக்கிறதோ இல்லையோ, சார்ஜ் தீர்ந்தால் செத்துப்போகும். ஆனாலும் இவை எல்லாம் 'அது'வாகவே இருந்துகொண்டு இத்தனையும் செய்கின்றன. கோபம் வந்தான் என்று யாரும் சொல்வதில்லை. விதிவிலக்காக ஒருவரை மட்டும் கோட்டுக்கு மேலே ஏற்றியிருக்கிறோம்: கூகுள் ஆண்டவர். அதுவும் 'அவர்'. எங்கள் குடியிருப்பில் இப்போது நாய்களும் ஏறிவிட்டன. கீழ்வீட்டுக்காரர் தன் லாப்ரடாரைப் பற்றி "அவன் தயிர்சாதம் தொட மாட்டான்" என்கிறார். ஆங்கிலம் வீட்டு நாய்க்குக் கொடுக்கும் 'ஹி'யிலிருந்து வந்த பதவி உயர்வு இது.

ஆங்கிலேயர் இந்த வித்தையைச் சட்டத்திலும் செய்தார்கள். கம்பெனி என்பது அதை நடத்துகிறவரிடமிருந்து வேறான ஓர் ஆள் என்று 1896-ல் சாலமன் என்ற தோல் காலணித் தயாரிப்பாளரின் வழக்கில் பிரபுக்கள் சபை உறுதியாகச் சொல்லிவிட்டது. ஆனால் கோயில் ஓர் ஆளாக முடியுமா? இந்தக் கேள்வியோடு லண்டன் நீதிமன்றத்துக்குப் போனது எங்கள் தஞ்சைப் பக்கத்துக் கோயில். 1976-ல் பத்தூரில் மண் தோண்டிய கூலித் தொழிலாளி ஒருவருக்கு நடராஜர் சிலை கிடைத்து, அது கைமாறிக் கைமாறிக் கடல் தாண்டி, 1982-ல் லண்டனில் ஒரு கனடா கம்பெனிக்கு விற்கப்பட்டது. பிறகு லண்டன் போலீஸ் சிலையைக் கைப்பற்ற, வழக்கு நடந்தது. ஒரு பக்கம் கம்பெனி, சட்டம் ஆளாக்கிய ஆள். எதிர்ப் பக்கம் இடிந்து கிடந்த விசுவநாத சுவாமி கோயில். இங்கிலாந்துச் சட்டத்தில் கட்டடம் வாதியாக முடியாது. இந்தியச் சட்டத்தில் முடியும் என்பதால், அந்தக் கோயில் தன் பிரதிநிதி மூலம் அங்கேயும் வழக்காடலாம் என்று 1991-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கோயில் ஜெயித்தது. நடராஜர் ஊர் திரும்பினார். திரும்பியது என்று எழுதக் கை வரவில்லை, நீங்களும் எழுதமாட்டீர்கள்.

சரி, கவிதைக்கு வருகிறேன். அதில் ஓர் இடம் உண்டு. மறையும் சூரியனை நாங்கள் கடந்து போனோம் என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே, இல்லையில்லை, அவன் எங்களைக் கடந்து போனான் என்று திருத்திக்கொள்வார். அங்கே சூரியனுக்கும் 'ஹி'. 1890-ல் பதிப்பித்தவர்கள் அந்தப் பத்தியையே எடுத்துவிட்டார்கள், 1955-ல் வந்த முழுத் தொகுப்பில் அது இருக்கிறது. எனக்கு மொத்தக் கவிதையிலும் எளிதாக வந்தது அந்த வரிதான். சூரியன் என்ற சொல்லின் கடைசியில் ஏற்கெனவே ஓர் ஆண் உட்கார்ந்திருக்கிறான். 'போனது' என்றாலும் பொருந்தும், 'போனான்' என்றாலும் பொருந்தும். மரணத்துக்குத்தான் அந்த 'ன்' இல்லை. நம் பழைய ஆட்கள் கூற்றம் என்று ஒன்றும் கூற்றுவன் என்று ஒன்றும் இரண்டையும் கையில் வைத்திருந்தார்கள். புறநானூற்றில் சோழன் இறந்ததற்காகக் கூற்றத்தைத் திட்டுகிற பாட்டு ஒன்று உண்டு. அறிவில்லாமல் விதைநெல்லைச் சமைத்துத் தின்றுவிட்டாயே என்று. எதிரே நிற்கும் ஆளைத் திட்டுவது போலவே இருக்கும். ஆனால் திட்டுவதற்குத்தான் நம்மிடம் மரபு இருக்கிறது. வண்டியில் ஏறி உட்காருவதற்கு இல்லை.

மூன்றாம் வாரம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம் கதையைச் சொல்லி, எமன் மரியாதையாக வந்தால் எப்படிம்மா சொல்வது என்று கேட்டேன்.

"எமன் எங்கடி மரியாதையா வந்தான்?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, கீரையிலிருந்து தலை நிமிராமல், "உங்க தாத்தாவுக்கு வந்தாரு" என்றாள்.

தாத்தாவுக்குத் தொண்ணூற்றொன்று. மத்தியானம் காபி குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, திண்ணையில் சாய்ந்தவர். கல்யாணச் சாவு என்று ஊர் சொன்னது. கொட்டு வைத்துக் கொண்டுபோனார்கள். வந்தாரு என்று அம்மா சொன்னது யோசித்துச் சொன்னதில்லை. அவளுக்கு எந்த இலக்கணச் சிக்கலும் இருக்கவில்லை. நான் உள்ளே போய் 'நிறுத்தினார்' என்று எழுதினேன். இந்த முறை வட்டாட்சியர் வரவில்லை. மற்ற வரிகள் இரண்டு நாளில் முடிந்தன. அத்தையை மட்டும் 'இறவாமை என்பவர்' என்று எழுதி ஓரத்தில் உட்காரவைத்தேன். இன்னும் அது எனக்குத் திருப்தியில்லை.

தை மாதம் மெய்ப்பு வந்தது. பார்த்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியராம். 'மரணம் வண்டியை நிறுத்தினார்' என்பதில் 'னார்' மேல் சிவப்புக் கோடு, பக்கத்தில் 'நிறுத்தியது', ஓரத்தில் அழகான கையெழுத்தில் 'திணை வழு'. ஆறு இடத்தில் இதே கோடு. நண்பரைக் கூப்பிட்டேன். "ஐயா ஒத்துக்க மாட்டேங்கறார்மா. மரணம்னா அதுதானாம். வேணும்னா எமன்னு போட்டுக்கச் சொல்றார்" என்றார்.

கோடு போட்ட ஆறு இடத்திலும் எழுத்துக்குக் கீழே புள்ளி வைத்து, திருத்த வேண்டாம் என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். அனுப்பும் முன் நான்காம் பத்தியைப் பார்த்தேன். 'சூரியன் எங்களைக் கடந்து போனான்' என்ற வரியில் ஐயா கை வைக்கவே இல்லை.